குட்டனுக்கு ஒரு மோட்டார்

ஒரு வரியில் முடிகிற பொய்யை நான் குடியிருந்த வீட்டு ஓனரம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. தெருவில் ஒரு கல்யாணம், போகப் பிடிக்கவில்லை என்றால் நாமெல்லாம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வோம். அவர் முழங்கால் வலி என்பார். எந்த முழங்கால் என்று யாரும் கேட்பதற்குள் இடது முழங்கால் என்பார். பிறகு மருந்துக் கடைக்குப் போய்ப் பேண்டேஜ் துணி வாங்கிவந்து சுற்றிக்கொள்வார். கல்யாணம் முடிந்து, பந்தல் பிரித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு போன பிறகும் நொண்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் சமையலறையில் தனியாக நொண்டிக்கொண்டிருந்தவரிடம், "இங்க யாரு பாக்குறாங்கன்னு நொண்டுறீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுல நேரே நடந்தா தெருவுல மறந்துபோகும், கேட்டோ," என்றார். "கள்ளம் பறையறதுன்னா அதுக்கொரு வவுச்சர் வேணும். வவுச்சர் இல்லாத கள்ளம் ஆடிட்டுல நிக்காது."

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் கப்பலேற்றும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தக் காலத்திலோ இஞ்சி வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். பேசுவது தமிழ், பேப்பர் படிப்பது மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் கரூரிலிருந்து எர்ணாகுளத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தபோது அவர் வீட்டு மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. முதல் நாள் அவரை "அம்மா" என்று கூப்பிட்டேன்.

"அம்மான்னு விளிச்சா நாளைக்கு வாடகையில பாசம் காட்டச் சொல்லுவே. அக்கான்னு விளிச்சா மதி, அது போதும்," என்றார்.

அவருக்கு அப்போதே அறுபத்தைந்துக்கு மேல். நான் அக்கா என்றே கூப்பிட்டேன்.

வாசலில் எப்போதும் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடக்கும். பெரிய பாதத்துக்கான தோல் செருப்பு. தனியாக இருக்கும் பெண்ணின் வீடு என்று யாருக்கும் தெரியக்கூடாதாம். அதுவரைக்கும் நியாயம்தான். ஆனால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒருநாள் "சேட்டன் இல்லையா?" என்று கேட்டுவிட்டார். உறங்குகிறார் என்றார் அக்கா. அடுத்த சிலிண்டருக்கும் சேட்டன் உறங்கினார். அதற்கடுத்த முறை, "எப்பவும் உறக்கமா இருக்காரே, சுகமில்லையா?" என்று அந்த மனிதர் கவலைப்பட, இடக்கொச்சியில் ஐஸ் கம்பெனியில் இரவு வேலை என்று அக்கா சேட்டனுக்கு உத்தியோகம் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து சிலிண்டர்காரர் சிலிண்டரை உருட்டுவதில்லை. தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்து ஓசையில்லாமல் வைத்துவிட்டுப் போவார். அக்கா அந்தச் செருப்பை வாரம் ஒருமுறை இடம் மாற்றி வைப்பார். மழைக்காலத்தில் அதில் கொஞ்சம் சேறு பூசுவார்.

நான் குடிவந்த புதிதில் சாயங்காலங்களில் கீழ்வீட்டிலிருந்து ஒரு சத்தம் வரும். கர்ரென்று தொடங்கிக் கடகடவென்று அறையைச் சுற்றி வருவதுபோல் இருக்கும். என்ன அது என்று கேட்டேன். தையல் மிஷின் என்றார். மறுநாளே வவுச்சர் வந்தது, என் தலையணைக்கு ஒரு புது உறை. கையால் தைத்த உறை என்று பார்த்தவுடன் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லக் கீழே இறங்கினேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினேன். முன்னறையில் நாற்காலிகளெல்லாம் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. அக்கா தரையில் குப்புறப் படுத்து, ஒரு கன்னத்தைத் தரையோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். விழுந்துவிட்டார் என்று பதறி ஓடினேன்.

"மாறு! மாறு! தள்ளி நில்லு, வண்டி வருது!" என்று கத்தினார்.

வந்தது. பச்சை வர்ணமடித்த ஒரு தகர எஞ்சின், இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு சோபாவுக்கு அடியிலிருந்து வளைந்து வந்து, அவர் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் திரும்பிப் போனது. தரையோடு தரையாகக் கிடந்து பார்த்தால் நிஜ ரயில் வருவதுபோலவே இருக்குமாம். அதற்காகத்தான் அந்தக் கிடப்பு.

எழுந்து உட்கார்ந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டார். "என்டெ ஒரு சினேகிதிக்குள்ளது," என்று தொடங்கினார். "அவ மகள்கூட மஸ்கட்டுக்குப் போயிருக்கா. வீட்டுல ஈரம். இது துரு பிடிச்சிடும்னு..." அங்கேயே நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். அவர் கன்னத்தில் தரையின் தூசி வட்டமாக ஒட்டியிருந்தது.

"என்டெதாக்கும்," என்றார்.

ஒரு விஷயத்தை அவர் ஒரே சொல்லில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடைக்கு வீட்டிலிருந்த பெரிய வெண்கல உருளியை விற்கப் போனவர், அங்கே அலமாரிக்குள் இருந்த இந்த ரயிலுக்கு உருளியை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவரைவிட வயதான ரயில், வெளிநாட்டில் செய்தது. ஏன் வாங்கினீர்கள் என்றால், "அது என்னை நோக்கிச்சு," என்பார். அதற்கு மேல் விளக்கம் இல்லை. "வயசுகாலத்துல ஒருத்தி குப்புறக் கிடந்து ரயில் ஓட்டறான்னு அறிஞ்சா இந்தத் தெரு ஒரு வருஷம் சிரிக்கும்டீ. நாணக்கேடு. நீ வாயைத் திறக்காதே."

அடுத்த மழைக்காலத்துக்குள் ரயில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து லென்ஸ் கொண்டுவந்து நான்தான் உள்ளே பார்த்தேன். எஞ்சினுக்குள் ஒரு சின்ன மோட்டார். அதில் சுழல்கிற செம்பை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு மின்சாரம் கொடுக்க இரண்டு கரித்துண்டுகள் உண்டு. கார்பன் பிரஷ் என்று பெயர். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்க வேண்டியவை தேய்ந்து கடுகாகிப் போயிருந்தன.

அக்கா தானே ஆன்லைனில் "ரயில் பிரஷ்" என்று தேடி ஆர்டர் போட்டார். ரயிலைத் துடைக்கும் பிரஷ் வந்தது. நல்ல பிரஷ்தான். அதை அவர் தலைக்கு டை அடிக்க வைத்துக்கொண்டார். பிறகு வெளிநாட்டில் ஒருவரிடம் சரியான பொருள் இருப்பது தெரிந்தது. ஆனால் என்ன உபயோகத்துக்கு என்று ஒரு இடத்தில் நிரப்பச் சொன்னார்கள். பொம்மை ரயிலுக்கு என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அக்கா "பல் ஆஸ்பத்திரி" என்று எழுதினார். மருத்துவச் சாமான் என்றால் வேறு அனுமதியெல்லாம் வேண்டும் என்று பதில் வந்தது. பல் டாக்டர் பட்டம் உள்ள யாரையாவது தெரியுமா என்று என்னிடம் கேட்டார். நான் அவரைப் படகில் ஏற்றி எர்ணாகுளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பிராட்வேயை ஒட்டிய ஒரு சந்தில் மிக்சி, கிரைண்டர் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார் செல்வராஜ். தென்காசிப் பக்கத்து ஆள். நாற்பதைத் தாண்டியவர், பெரிய மீசை, அதற்குச் சம்பந்தமில்லாத மெல்லிய குரல். அக்கா கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த கரித்துண்டை அவர் முன்னால் வைத்தார்.

"எந்த மிக்சிக்கும்மா?"

"மிக்சி இல்லை. இது ஒரு சின்ன... வண்டி. தண்டவாளத்துல ஓடறது."

"பொம்மை ரயிலா?" செல்வராஜின் முகம் மலர்ந்தது. "பேரப்புள்ளைக்கா பெரியம்மா?"

அந்தப் பேரனைக் கொண்டுவந்தது செல்வராஜ்தான், அக்கா இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். அக்கா கொஞ்சம் யோசித்தார். கடை முன்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"ஆமா," என்றார்.

ஒரே சொல்லோடு போயிற்று என்று நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

"என்ன வயசாவுது?"

"முன்பல் ரெண்டும் போயிருக்கு."

"அப்ப ஏழு இருக்கும்," என்று செல்வராஜே முடிவுசெய்தார். ஒரு மிக்சி பிரஷை எடுத்து உப்புத்தாளில் தேய்த்துச் சின்னதாக்கத் தொடங்கினார். "பேரென்ன?"

"குட்டன்."

"படிப்பு எப்படி?"

"கணக்குல நூறு. மத்ததெல்லாம் சுமார். பீட்ரூட் தொடமாட்டான். இடி இடிச்சா பேடி, நடுங்குவான். கூட விளையாட ஆளில்லை, தனியாத்தான் விளையாடுவான்."

உப்புத்தாள் நின்றது. "தனியாவா விளையாடுதான்?" என்றார் செல்வராஜ். அப்புறம் அவர் அந்தக் கரித்துண்டைத் தேய்த்த மாதிரி யாரும் வைரத்தைக்கூடத் தேய்த்திருக்க மாட்டார்கள். தேய்ப்பார், கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார், ஊதுவார், மறுபடி தேய்ப்பார். கிளம்பும்போது பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கை நிறைய மிட்டாய் வாங்கிக் குட்டனுக்கு என்று அக்காவின் பையில் போட்டார்.

திரும்பும் படகில் அக்கா அந்த மிட்டாயைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

"அது குட்டனுக்குக் கொடுத்தது இல்லையா?"

"அவனுக்குப் பல் இல்லையே," என்றார்.

ரயில் மூன்று வாரம் ஓடியது. பிறகு பிரஷை அழுத்தும் ஸ்பிரிங் துள்ளி எங்கோ விழுந்தது. மறுபடி செல்வராஜ். அவர் தன் பேனாவைப் பிரித்து ஸ்பிரிங்கை எடுத்து வெட்டிக் கொடுத்தார். நாங்கள் போகும்போதெல்லாம் குட்டனும் கூடவே வளர்ந்தான். அவன் அம்மா மஸ்கட்டில் நர்ஸ் ஆனாள். ஏன் மஸ்கட் என்று கேட்டதற்கு, சினேகிதிக்காகத் தயார்செய்து வைத்த பொய் வீணாகக் கூடாது என்றார் அக்கா. இரண்டு வாரம் கடைக்குப் போக முடியாதபோது குட்டனுக்கு அம்மை போட்டது. பக்கத்துச் சாயாக்கடைப் பாப்பச்சன் அவனுக்காக வேப்பிலை தேடிக் கொடுத்தார். அம்மை இறங்கிய பிறகு பொட்டலம் பொட்டலமாகப் பழம்பொரி, நம்மூர் வாழைப்பழ பஜ்ஜி மாதிரி, கொடுத்தனுப்பினார். வேப்பிலையை அக்கா வாசலில் சொருகிவைத்தார். பழம்பொரியைப் படகிலேயே முடித்தோம்.

பிறகு மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பியே கருகிவிட்டது. அதற்கு இடக்கொச்சியில் ஒரு ஆளைக் காட்டினார் செல்வராஜ். மீன்பிடிப் படகு மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறவர். அவருடைய ஒவ்வொரு விரலும் அந்த எஞ்சின் அளவுக்கு இருந்தது. வேலையை முடித்து அவரே பைக்கில் வீடு வரை கொண்டுவந்து கொடுத்தார். தண்டவாளத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தோம். ரயில் ஓடியது, பின்னோக்கி. கம்பியை மாற்றி இணைத்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கு வருத்தமாக இருந்தது. அக்கா தலையை மறுபக்கம் வைத்துப் படுத்துக்கொண்டார்.

"ஆலுவாவுலேருந்து திரும்பி வருது," என்றார். சோபாவுக்கு அடிதான் அவருக்கு ஆலுவா ஸ்டேஷன்.

"அப்ப ஆலுவாவுக்கு எப்ப போகும்?"

"போறதை யாரு பார்க்கணும்? வர்றதுதானே விசேஷம்."

எட்டாம் நாளோ என்னவோ அதுவும் புகைந்தது. செல்வராஜ் மோட்டாரைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கு மேல கட்ட முடியாது பெரியம்மா. இதே மாதிரி பழைய மோட்டார் எங்கயாவது கெடைச்சாத்தான் உண்டு. நான் தேடுதேன். குட்டன்கிட்ட மாமா சொன்னேன்னு சொல்லுங்க, லீவுக்கு அவனைக் கூட்டிட்டு வாங்க." சாயாக்கடையிலிருந்து பாப்பச்சனும் அதையே சொன்னார். சந்து முழுவதும் குட்டனைப் பார்க்கக் காத்திருந்தது.

அக்காவுக்கு உறக்கம் போயிற்று. கரூரில் என் கூடப்பிறந்த அக்காவின் மகன் இருக்கிறானே, சித்திரை விஷுவுக்கு ஒருநாள் வரச் சொல்ல முடியுமா என்று கேட்டார். "பல்லைப் பிடுங்கவெல்லாம் வேண்டாம். வாயை மூடிட்டு நின்னா மதி." முடியாது என்றேன். அப்படியானால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார். எனக்கு ஆச்சரியம். படகில் போகும்போது அந்த உண்மையை ஒத்திகை பார்த்தார். கம்பெனியில் சேர்ந்த கதையில் தொடங்கி, உருளியின் எடை வழியாக, படகுத்துறை வந்தும் முடியவில்லை.

"இவ்வளவு வேண்டாம் அக்கா. ரெண்டு வார்த்தையில சொல்லுங்க."

"வவுச்சர் வேண்டாமா?"

"உண்மைக்கு எதுக்கு வவுச்சர்?"

கடையில் எங்களைப் பார்த்ததும் செல்வராஜ் மேஜைக்கடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார். நீலக் கோடு போட்ட ஒரு சின்னச் சட்டை. "விஷுவுக்குக் குட்டன் வருவாம்லா. கொஞ்சம் பெருசா எடுத்திருக்கேன், அடுத்த வருசமும் போட்டுக்கிடலாம்."

அக்கா அதைக் கையில் வாங்கிக் காலரைத் தொட்டுப் பார்த்தார். மேஜைமேல் வைத்தார். நான் சொன்னபடியே சுருக்கமாகச் சொன்னார்.

"இது வேண்டாம், செல்வராஜ். குட்டன் இல்லை."

"வரலியா?"

"வரலைன்னு இல்லை. இல்லை."

செல்வராஜின் கையிலிருந்த ஸ்குரு டிரைவர் கீழே விழுந்தது. "எப்ப?" என்றார்.

"எப்பவுமே இல்லை."

"அப்படிச் சொல்லாதிய பெரியம்மா!" அந்த மெல்லிய குரல் உடைந்தது. "இருந்தான். இப்பவும் நம்ம மனசுல இருக்கான்."

"அய்யோ, அதில்லை. அவனை உண்டாக்கினதே நானாக்கும்..."

"தெரியும். பெத்தவ வெளிநாட்டுல. நீங்கதான ஆளாக்குனிய."

நான் குறுக்கே போனேன். "அண்ணே, அவங்க என்ன சொல்றாங்கன்னா, அப்படி ஒரு பையனே..."

"நீ சும்மா இரு தாயி. பெரியவங்க மனசுல உள்ளதைக் கொட்டட்டும்."

கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். பாப்பச்சன் ஓடிவந்தார். விஷயம் கேட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சந்திலிருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரோ அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். யாரோ மிக்சி அட்டைப்பெட்டியால் விசிறினார்கள். "எங்ஙனே?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். எப்படி நடந்தது என்று கேட்கிறார். அக்காவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அது எனக்குத் தெரிந்த வெளிச்சம், வவுச்சர் தயாராகிறது. நான் அவர் காலை அழுத்தி மிதித்தேன். வாயை மூடிக்கொண்டார்.

படகில் சட்டைக் கவர் அவர் மடியில் இருந்தது. செல்வராஜ் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். மட்டாஞ்சேரி நெருங்கும்போது பார்த்தால் அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"அக்கா, அவன் இல்லவே இல்லையே!"

"அறியும்டீ," என்று மூக்கைத் துடைத்தார். "ஆனாலும் நல்ல பையனாக்கும்."

மறுபடி போய் ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்று தினமும் சொன்னேன். நாளை என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர்களே வந்துவிட்டார்கள். இடக்கொச்சிக்காரரிடம் வழி கேட்டு, செல்வராஜும் அவர் மனைவியும் பாப்பச்சனும், மூவரும் வெள்ளை உடுப்பில். செல்வராஜின் மனைவி வாசலிலேயே அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். பாப்பச்சன் தன் செருப்பை அந்த ஆண் செருப்பின் பக்கத்தில் கழற்றிவிட்டு, "அப்பூப்பன் எவிடே?" என்று தாத்தாவை விசாரித்தார். "உறங்..." என்று தொடங்கிய அக்கா பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டார்.

முன்னறையில் தண்டவாளம் விரித்தபடியே கிடந்தது. அதை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போய் செல்வராஜ் உட்கார்ந்தார். சுவரில் குட்டனின் படத்தைத் தேடினார். காலண்டர் மட்டும் இருந்தது. பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து அக்காவின் கையில் வைத்தார்.

"எம் மச்சினன் திருச்சியில பழைய சாமான் எடுக்கான். பொன்மலையில ஒரு வீட்டைக் காலி பண்ணுன எடத்துல கெடைச்சிருக்கு. வண்டி துருப்பிடிச்சுப் போச்சு, மோட்டாரு அப்படியே இருக்கு. இதே சைசுதான். குட்டன் ஆசைப்பட்டு ஓட்டுன ரயில், நின்னுரக் கூடாது பெரியம்மா."

அக்கா துணியைப் பிரித்தார். செம்பு மின்னியது. கரித்துண்டுகள் கூடப் புதிதுபோல் இருந்தன. இத்தனை நாளாகத் தேடியது உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டால் அது அவருடையது. அவர் அதைத் திரும்பத் துணியில் சுற்றி செல்வராஜின் மடியில் வைத்தார்.

"செல்வராஜ், நான் கல்யாணமே கழிக்கலை. மகளும் இல்லை, பேரனும் இல்லை. குட்டன் மரிச்சுப் போகலை, பிறக்கவேயில்லை. நீங்க பேரனுக்கான்னு கேட்டீங்க, எனக்கு நாணமாப் போச்சு, ஆமான்னேன். இந்தத் தரையில குப்புறக் கிடந்து ரயில் ஓட்டறது நான்தான்."

செல்வராஜின் மனைவி அழுகையைப் பாதியில் வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

"அப்ப அந்தக் கணக்குல நூறு?" என்றார் செல்வராஜ்.

"அது நான்."

"பீட்ரூட்டு?"

"நான்தான். அது ரத்தம் மாதிரி இருக்கும்."

"இடிக்குப் பயப்படுதது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இடி இடித்தால் அவர் மாடிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்துகொள்வது வழக்கம்.

"முன்பல்லு ரெண்டும் விழுந்துட்டுன்னு சொன்னியளே, அது பொய்தான?"

அக்கா கொஞ்சம் தயங்கினார். பிறகு வாய்க்குள் விரலை விட்டு, ஒரு சின்னப் பல்செட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இரண்டு பற்கள். இத்தனை நாள் அதே வீட்டில் இருந்த எனக்கே அது தெரியாது. பல்லில்லாத வாயோடு அவர் செல்வராஜைப் பார்த்து நின்றபோது, உண்மையாகவே ஏழு வயதுப் பையன் ஒருவன் தப்பு செய்துவிட்டு நிற்பதுபோல் இருந்தது.

முதலில் சிரித்தது செல்வராஜின் மனைவி. அழுது சிவந்த முகத்தோடு புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். பாப்பச்சனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் "என்டம்மோ!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். செல்வராஜ் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"கடையை ரெண்டு நாளு திறக்கல பெரியம்மா," என்றார் தெருவைப் பார்த்தபடி. "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. வீட்டுல கறிகூட எடுக்கல."

அக்கா பல்செட்டை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார். "நீங்க வழக்கு பறையறது சரியாக்கும். எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஆனா ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. கூட விளையாட ஆளில்லைன்னு பறைஞ்சேனில்லையோ, அது கள்ளமில்லை."

அக்கா சாயா போட உள்ளே போனார். சாயா கொதித்து வருவதற்குள் செல்வராஜ் எஞ்சினைக் கவிழ்த்துவைத்துத் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார். துக்கம் கேட்க வந்த மனிதர் சட்டைப்பையில் ஸ்குரு டிரைவரோடு வந்திருந்தார்.

மோட்டார் இம்மி பிசகாமல் பொருந்தியது. அக்கா கரண்ட் பெட்டியின் லீவரைத் தள்ளினார். ரயில் முன்னோக்கிக் கிளம்பி, சோபாவுக்கு அடியில் புகுந்து, வெளியே வந்து, பாப்பச்சனின் கால் கட்டைவிரலில் மோதித் தடம்புரண்டது. எடுத்து வைத்தோம். பாப்பச்சன் வெள்ளை வேட்டியோடு குப்புறப் படுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. செல்வராஜின் மனைவி பெட்டிக்குள் இரண்டு முந்திரிப்பருப்பை ஏற்றி, அது தன்னிடம் வந்துசேரும்போது எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

செல்வராஜ் அக்காவின் பக்கத்தில் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார். "பெரியம்மா, நான் ஒரு தடவை ஓட்டட்டுமா?"

"சூடாயிடும்," என்றார் அக்கா, ரயிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மோட்டாரு நான் கொண்டாந்தது பெரியம்மா."

"அதுக்கென்ன, பாத்துட்டிருங்க."

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சாயா ஆறியது. வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து எதிர்ச்சுவருக்கும் போனது. படகுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் மனைவி எழுந்து செருப்பை மாட்டிய பிறகுதான் அக்காவுக்கு மனம் இறங்கியது. ஒரே ஒரு சுற்று என்றார். செல்வராஜ் அவசரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு லீவரைப் பிடித்தார். அக்கா தன் கையை அதிலிருந்து எடுக்கவில்லை. அவர் கைமேல் இவர் கையுமாக, இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஒரு சுற்றை ஓட்டினார்கள்.